பிள்ளையைப் பார்த்துக்க இவ்வளவா?

கிரெச் நடத்துவதைப் போல விசித்திரமான வியாபாரம் கிடையாது: காலையில் பிள்ளை அழும், விட்டுவிட்டுப் போகிற அம்மா அழுவாள், ஒண்ணாம் தேதி ஃபீஸ் கட்டும்போது அப்பா அழுவார், அதில் வாடகையும் சம்பளமும் போக மிச்சத்தைப் பார்த்து நான் அழுவேன். இரண்டாயிரத்துச் சொச்சத்தில், ஓ.எம்.ஆர். பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனிகளின் கண்ணாடிக் கட்டடங்கள் முளைத்துக்கொண்டிருந்த காலத்தில், செம்பாக்கத்தில் ஒரு கிரெச் நடத்தினேன். உங்கள் வீட்டில் கணவன் மனைவி இரண்டு பேரும் டிபன் பாக்ஸ் தூக்குகிறவர்கள் என்றால், இதையெல்லாம் நீங்களும் பட்டிருப்பீர்கள். படாதவர்கள் சிரித்துவிட்டுப் போகலாம்.

ஆரம்பித்து வைத்தவர்

அதற்கு முன்னால் நானும் ஃபீஸ் கட்டுகிற ஜாதிதான். சானடோரியம் ஏரியாவில் ஒரு ஏற்றுமதிக் கம்பெனியில் அக்கவுன்ட்ஸ் பார்த்தேன். என் பையன் அருணுக்கு அப்போது ஒன்றரை வயது. ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு கிரெச்சில் விட்டிருந்தேன். ஃபீஸ் என்று ஒன்று சொல்வார்கள். அதற்கப்புறம் பால் தனி, சத்துமாவுக் கஞ்சி தனி, பாய் தனி, சுதந்திர தினத்துக்குக் கொடி தனி. அருண் அந்தக் கொடியைத் தின்றுவிட்டான். இன்னொரு கொடிக்கும் காசு வாங்கினார்கள்.

மாதாமாதம் சம்பளத்தை வாங்கி, ரயில் பாஸ் எடுத்து, மிச்சத்தை அந்தக் கிரெச் மேடத்திடம் கொடுத்துவிட்டு வருவேன். "நீ வேலைக்குப் போறியா, இல்ல அந்தம்மாவுக்காகப் போறியா?" என்று என் வீட்டுக்காரர் கேட்டார். ஒருநாள் ஏசி கட்டணம் என்று புதிதாக ஒன்று சேர்ந்திருந்தது. ஏசி எங்கே என்று கேட்டேன், அடுத்த மாதம் வருகிறது என்றார்கள். வராத ஏசிக்குக் கட்ட முடியாது என்று நான் குரலை உயர்த்த, அந்த மேடம் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி என்னைப் பார்த்தார். கிண்டலாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அது யோசனையாகக் கேட்டுவிட்டது.

"ஏம்மா, இவ்ளோ கஷ்டமா இருந்தா நீங்களே ஒண்ணு ஆரம்பிச்சுப் பாருங்களேன்."

செருப்பு ஆராய்ச்சி

செம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில் தரைத்தளம் ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. வீட்டு ஓனர் கஜேந்திரன் அண்ணன் அந்த ஊரின் பூர்வீகக் குடும்பம். அவர் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்தது. இவர் காலத்தில் அதே இடத்தில் வாடகை விளைந்தது, மழையை எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை. வெள்ளைச் சட்டையும் புல்லட்டுமாகத் தெருத்தெருவாக வசூலுக்குப் போவார். கெட்ட மனிதர் இல்லை. குழந்தைகளைக் கண்டால் சட்டைப் பையிலிருந்து கடலை மிட்டாய் எடுத்துக் கொடுப்பார்.

ஆனால் கொடுத்துவிட்டு வாசலில் நின்று சின்னச் செருப்புகளை எண்ணுவார். விரலை நீட்டி, உதடு அசைய எண்ணுவார். முதலில் ஏதோ ஆசையாகப் பார்க்கிறார் என்று நினைத்தேன். மூன்றாவது மாதம் தண்ணீருக்கென்று கூடுதலாகக் கேட்டபோதுதான் புரிந்தது. அன்றிலிருந்து செருப்புகளை உள்ளே கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் ஒளித்து வைத்தோம். மனிதர் அசரவில்லை. கொடியில் காய்கிற ஜட்டிகளை எண்ண ஆரம்பித்தார்.

அந்த வருடக் கடைசியில் வாடகையை ஏற்றுகிறேன் என்று வந்து நின்றார். நியாயம் கேட்டேன். ஜட்டிகள் பக்கம் கையைக் காட்டினார்.

"நீயே பாரும்மா, புள்ளைங்க ஏறிக்கினே போவுது, மோட்டாரு ஓடிக்கினே கீது, வாடக மட்டும் குந்திக்கினு கீது. பேஜாரா இல்ல?"

பர்ச்சேஸ் மேனேஜர்

ரமேஷ் என்று ஒருவர் தன் பையன் ஆதித்யாவைச் சேர்க்க வந்தார். மேடவாக்கம் பக்கம் ஒரு கம்பெனியில் பர்ச்சேஸ் மேனேஜர். அதாவது, எதிரில் இருப்பவர் சொல்கிற விலையைக் குறைப்பதற்காகவே அவருக்குச் சம்பளம் கொடுத்தார்கள். நான் ஃபீஸ் சொன்னதும் சிரித்தார். பேனாவைத் திறந்தார்.

சாப்பாடு வீட்டிலிருந்து வரும், அதற்குக் கழிக்க வேண்டும் என்றார். பையன் பொம்மையோடு விளையாட மாட்டான், சும்மா உட்கார்ந்து பார்ப்பான், பொம்மைத் தேய்மானம் இல்லை என்றார். கடைசியாக நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "மேடம், இவன் மத்தியானம் நல்லா தூங்குவான். தூங்கற நேரத்துல உங்களுக்கு ஒரு வேலையும் இல்ல. அந்த டைமுக்கு ஃபீஸ் கழிச்சுடுங்க" என்றார்.

என் கிரெச்சில் மல்லிகா என்று ஒரு ஆயா இருந்தாள். மாடம்பாக்கத்திலிருந்து சைக்கிளில் வருவாள். ஒரு பிள்ளையை இடுப்பிலும் ஒன்றைத் தோளிலும் வைத்துக்கொண்டு மூன்றாவதற்கு ஊட்டுகிற ஆள். வாயும் அதே வேகத்தில் வேலை செய்யும். அவள் ஆதித்யாவை மேலும் கீழும் பார்த்தாள். அவன் அதற்குள் பொம்மை பஸ்ஸின் இரண்டு சக்கரங்களைக் கழற்றியிருந்தான்.

"சார், தூங்கினப்புறம் வேல இல்ல சார், தூங்க வெக்கறதுதான் வேல. நீ வேணா டெய்லி மத்தியானம் வந்து தூங்க வெச்சிட்டுப் போ, கழிச்சிக்கலாம்."

காலை ஜுரமும் மதிய ஜுரமும்

கிரெச்சில் ஒரே ஒரு விதியைக் கண்டிப்பாக வைத்திருந்தேன். ஜுரம் இருந்தால் கூட்டிவரக் கூடாது. ஒன்றுக்கு வந்தால் எல்லோருக்கும் வரும், கடைசியில் எனக்கும் வரும்.

சுதா சோழிங்கநல்லூரில் ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில் இருந்தாள். அவள் பெண் நேஹாவுக்கு மூன்றரை வயது. ஒருநாள் காலையில் நேஹா ரொம்ப நல்ல பிள்ளையாக வந்தாள். தொட்டுப் பார்த்தேன், ஜில்லென்று இருந்தாள். "சளி மட்டும் லைட்டா இருக்கு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு சுதா வழக்கத்தை விட வேகமாகப் பறந்தாள். பதினொரு மணி வாக்கில் நேஹா என் புடவையை இழுத்தாள். "ஆன்ட்டி, அம்மா குடுத்த மருந்து தீந்துபோச்சு. மருந்து குடிச்சேன்னு உங்ககிட்ட சொல்லக் கூடாது." அப்படியே மடியில் சாய்ந்தாள். உடம்பு அடுப்பு போலக் கொதித்தது.

சுதாவுக்குப் போன் செய்தால் எடுக்கவில்லை. மீட்டிங். மல்லிகா ஈரத்துணி போட்டுக்கொண்டே என்னைத் திட்டினாள், சுதாவைத் திட்டினாள், சாஃப்ட்வேரையும் திட்டினாள். மத்தியானத்துக்கு மேல் மிஸ்டு காலைப் பார்த்துவிட்டு சுதா ஆட்டோவில் வந்து இறங்கினாள். நன்றாகக் கேட்டுவிட வேண்டும் என்று வாசலிலேயே நின்றிருந்தேன். அவள் என் முகத்தைப் பார்த்ததும் படியில் உட்கார்ந்துவிட்டாள். இந்த மாதம் ஏற்கெனவே லீவு தீர்ந்து சம்பளம் பிடிக்கிறார்களாம். பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டால் அங்கே சம்பளம் போகும், இங்கே ஃபீஸும் போகும், இரண்டு பக்கமும் நானே கட்டணுமா ஆன்ட்டி என்று அழுதாள். இதே கணக்கைப் போட்டுப் பார்த்துதான் நான் வேலையை விட்டேன். அவளைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. ஆனாலும் மருந்து கொடுத்ததைச் சொல்லாமல் விடலாமா என்று மட்டும் கேட்டேன். மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"காலைல ஜுரம் இல்லன்னுதானே ஆன்ட்டி விட்டேன், மத்தியானத்துக்கு நான் கேரண்டி குடுக்கலையே."

வாசனை

தனம் அக்கா பனையூர்ப் பக்கத்துக் குப்பத்திலிருந்து பஸ் பிடித்து வந்து எங்கள் தெருக்களில் மீன் விற்பவள். அவளுக்கு இரண்டு வயதில் ஒரு பெண் குழந்தை, பெயர் பவானி. பார்த்துக்கொண்டிருந்த மாமியார் வழுக்கி விழுந்து காலை உடைத்துக்கொண்டதால், தலையில் கூடையும் இடுப்பில் பவானியுமாக வெயிலில் அலைந்தாள். ஒருநாள் என் வாசலில் கூடையை இறக்கிவிட்டு ஃபீஸ் கேட்டாள். சொன்னேன். "இன்னாக்கா, வஞ்சரத்துக்கே இந்த வெல சொன்னா என்ன அடிப்பாங்க" என்றாள். கடைசியில் மத்தியானம் வரைக்கும் பவானியை வைத்துக்கொள்வது, மாதக் காசு வேண்டாம், அன்றன்றைக்கு விற்றதில் கொடுப்பது என்று பேசி முடித்தோம். சொன்னால் நம்ப மாட்டீர்கள், என் கிரெச்சில் பாக்கி வைக்காத ஒரே ஆள் அவள்தான்.

பவானி வந்த இரண்டாவது வாரம் ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். பெயர் வேண்டாம். "தப்பா எடுத்துக்காதீங்க மேடம், அந்தக் குழந்தை மேல ஒரு ஸ்மெல் வருது. நாங்க இவ்ளோ ஃபீஸ் கட்டறோம்" என்றார். பவானியை மல்லிகா வந்தவுடன் குளிப்பாட்டிப் பவுடர் போட்டு வைத்திருந்தாள். அந்த நேரத்தில் வாசனை வந்ததென்னவோ அந்த அம்மா கையில் இருந்த பையிலிருந்துதான். சற்று முன்னால் தனம் அக்காவிடம் பேரம் பேசி வாங்கிய சங்கரா மீன் அதில் இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. பவானி இங்கேதான் இருப்பாள் என்று மட்டும் சொன்னேன். தனம் அக்கா கேட் பக்கத்திலேயே கூடையை மூடிக்கொண்டிருந்தாள். எல்லாமே அவள் காதில் விழுந்திருக்கிறது. தெருவே திரும்பிப் பார்க்கிற குரலில் என்னிடம் சொன்னாள்.

"வாசன புடிக்கலன்னா மூக்க மூடிக்க சொல்லுக்கா, துன்னும்போது மட்டும் வாய நல்லா தொறந்து வெச்சுக்கினு துன்னுதுங்க இல்ல!"

ஒரு நாள் புரட்சி

வாடகை ஏறியது, கேஸ் ஏறியது, பால் ஏறியது, மல்லிகாவுக்கும் சம்பளம் ஏற்ற வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் ஃபீஸை ஏற்றினேன். பெற்றோர்கள் கொதித்தார்கள். ரமேஷ் வீட்டில் கூட்டம் போட்டார்கள். கிரெச்சே வேண்டாம், ஆளுக்கொரு நாள் லீவு போட்டு எல்லாப் பிள்ளைகளையும் ஒரே வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று முடிவானது. முதல் நாள் ரமேஷே முன்வந்தார். இதிலென்ன இருக்கிறது, ஒரு சின்ன மேன்பவர் மேனேஜ்மென்ட்தானே என்றாராம்.

அன்று என் கிரெச்சில் பவானியும் இன்னும் ஒன்றிரண்டு பேரும்தான். வீடு வெறிச்சோடிக் கிடந்தது. மத்தியானச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே போன். ரமேஷ் பேசியது பாதி கேட்கவில்லை, பின்னால் அவ்வளவு ஓலம். ஆதித்யா பாத்ரூமுக்குள் போய் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டானாம். திறக்கத் தெரியவில்லையா, திறக்க மனசில்லையா என்று புரியவில்லையாம். உள்ளே தண்ணீர் ஓடுகிற சத்தம் கேட்கிறதாம்.

இருந்த பிள்ளைகளைப் பக்கத்து வீட்டில் ஒப்படைத்தேன். மல்லிகாவும் நானும் ஓடினோம். இரண்டு தெரு தள்ளித்தான் வீடு. உள்ளே நேஹா சோபாவில் நின்று குதித்துக்கொண்டிருந்தாள். ஒருவன் கோதுமை மாவைத் தரையில் கொட்டிக் கோலம் போட்டுக்கொண்டிருந்தான். ரமேஷ் பாத்ரூம் கதவைத் தோளால் இடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு இடிக்கும் உள்ளே அழுகை கூடியது. மல்லிகா அவரைப் பிடித்துத் தள்ளி நிறுத்தினாள். தரையில் உட்கார்ந்து கதவிடுக்கில் வாயை வைத்து, ரகசியம் பேசுகிற மாதிரி, "கண்ணு, உங்கப்பா இங்க அழுவுறாரு. பாக்கறியா?" என்றாள். உள்ளே அழுகை நின்றது. அப்புறம் தாழ்ப்பாள் அசைந்து அசைந்து நகர்ந்தது. தலை முதல் கால் வரை சொட்டச் சொட்ட ஆதித்யா எட்டிப் பார்த்தான். அப்பா நிஜமாகவே அழுதுகொண்டுதான் இருந்தார்.

ரமேஷ் பையனைக் கட்டிக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார். எங்களுக்கும் கண் கலங்கிவிட்டது. அப்புறம் எழுந்து, முகம் கழுவி, சட்டை மாற்றி, வாசல் வரைக்கும் வந்து எங்களை வழியனுப்பினார். ஒரு நன்றி சொல்லப்போகிறார் என்று நின்றேன்.

"மேடம், ஏத்தின ஃபீஸுக்கு எனக்கு ஓகே. ஆனா இன்னிக்கு ஒரு நாளைக் கழிச்சுடணும், இன்னிக்கு நான்தானே பார்த்துக்கிட்டேன்?"

கவிதா டீச்சரின் கைப்பை

புரட்சியில் சேராதவள் கவிதா. சேலையூர்ப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் டீச்சர். அங்கே டீச்சர்களுக்கு என்ன கொடுப்பார்கள் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். அவள் சத்தம் போடவில்லை, பேரம் பேசவில்லை. ஒரு சனிக்கிழமை வந்து, மாதக் கடைசியோடு பிள்ளையை நிறுத்திக்கொள்கிறேன் என்றாள். வேலையையும் விடப்போகிறாளாம். ஏற்றின ஃபீஸைக் கட்டினால் சம்பளத்தில் பஸ்ஸுக்குத்தான் மிஞ்சும். வீட்டுக்காரர் கால்குலேட்டரைத் தட்டிக் காட்டி, "இதுக்கு எதுக்கு நீ காலைல அஞ்சு மணிக்கு எழுந்திருக்கணும்?" என்று கேட்டாராம். என் வீட்டில் கேட்ட அதே கேள்வி. ஊரில் எல்லாக் கணவர்களுக்கும் இதை யாரோ டைப் அடித்துக் கொடுத்திருக்கிறார்கள் போல.

அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அவளுக்கு மட்டும் குறைத்தால் ரமேஷ் சும்மா விடுவாரா? திங்கட்கிழமை காலையில் ஒரு வழி தோன்றியது. சாயந்திரம் பள்ளிக்கூடம் விட்டு என்னிடம் வருகிற பெரிய பிள்ளைகள் சிலர் இருந்தார்கள். அவர்களுக்குத் தனியாக டியூஷன் வைக்கப் பெற்றோர்கள் ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள். கவிதா எப்படியும் சாயந்திரம் பிள்ளையைக் கூப்பிட வருகிறவள். ஒரு மணி நேரம் உட்கார்ந்து ஹோம்வொர்க் போட வைத்தால், அந்த டியூஷன் காசு அவள் ஃபீஸில் கழியும். சொன்னேன். உடனே சரி என்றாள். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

எனக்கே ஒரு மாதிரி இருந்தது. நாள்பூரா அங்கே கத்திவிட்டு வந்து இங்கேயும் கத்த வேண்டும். பெரிசாக எதுவும் மிஞ்சப்போவதுமில்லை. நான் விட்டுவிட்ட மாதிரி இவளும் விட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கலாமே. "ஏன் கவிதா, அந்த வேலையில அப்படி என்னதான் இருக்கு?" என்று கேட்டேன். அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள்.

"மேடம், என் சம்பளம் முழுசா உங்ககிட்டதான் வருது, எனக்குத் தெரியும். ஆனா ஸ்கூல்ல வாங்கி உங்க வாசலுக்கு வர்ற வரைக்கும் அது என் பையில இருக்கு பாருங்க, அதை நான் யாருக்கும் விட்டுக்குடுக்க மாட்டேன்."

ஏலம்

கஜேந்திரன் அண்ணன் வீட்டை இடித்து ஃப்ளாட் கட்டக் கொடுத்துவிட்டார். அதே வாடகைக்கு வேறு இடம் செம்பாக்கத்திலும் இல்லை, கீழ்க்கட்டளை வரை போய்த் தேடியும் இல்லை. அருணும் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். மூடிவிடலாம் என்று முடிவு செய்து, எல்லோருக்கும் முன்கூட்டியே சொன்னேன். தனம் அக்கா வீட்டில் மாமியார் எழுந்து நடமாட ஆரம்பித்திருந்ததால் அவளுக்குக் கவலையில்லை. கவிதா தன் பள்ளியிலேயே பேசி, கே.ஜி. வகுப்பில் பிள்ளையைச் சேர்த்துவிட்டாள். மற்றவர்கள் தலையில் இடி விழுந்த மாதிரி நின்றார்கள். மெயின் ரோட்டில் புதிதாகத் திறந்திருந்த பெரிய கிரெச்சில் நான் வாங்கியதைப் போல இரண்டு மடங்கு கேட்டார்களாம். அங்கே ஏசி நிஜமாகவே இருந்தது.

கடைசி நாள் சாயந்திரம் பிள்ளைகளுக்குக் கேசரி கிளறிக் கொடுத்தேன். எல்லோரும் என்னைப் பார்க்க வருவார்கள் என்று நல்ல புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். வந்தார்கள். என்னைத் தாண்டிக்கொண்டு நேராகச் சமையல்கட்டில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த மல்லிகாவிடம் போனார்கள். சுதா, வீட்டோடு வந்து நேஹாவைப் பார்த்துக்கொள், நல்ல சம்பளம் தருகிறேன் என்றாள். இன்னொரு அம்மா அதற்கு மேல் சொன்னார். பர்ச்சேஸ் மேனேஜர் ரமேஷ், வாழ்க்கையில் முதல் தடவையாக, எதிராளி வாயைத் திறக்கும் முன்னாலேயே விலையை ஏற்றினார். அவர் கடைசியாகச் சொன்ன தொகை நான் ஏற்றிய ஃபீஸைவிட அதிகம். நான் கேசரிக் கரண்டியோடு வாசல்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

மல்லிகா கையைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். ஏற்கெனவே அந்தப் பெரிய கிரெச்சில் பேசி முடித்துவிட்டாள் என்பது அப்போதுதான் எனக்கே தெரியும். சம்பளம் இவர்கள் சொன்னதைவிடக் குறைவுதானாம். ஏன் மல்லிகா, இங்கே ஒரே ஒரு பிள்ளை, வேலையும் சுலபம், காசும் அதிகம் என்று ரமேஷ் கெஞ்சினார்.

"ஒத்தப் புள்ளைய வெச்சுகினு நாள்பூரா நான் இன்னா சார் பண்றது? அது அழுதா கூட சேந்து அழுவறதுக்கு இன்னொண்ணு இருந்தாத்தானே கேக்க நல்லா இருக்கும்!"

கட்டுகிறவருக்குக் கொள்ளையாகவும் வாங்குகிறவருக்குத் தருமமாகவும் தெரிகிற தொகை ஒன்று உண்டென்றால் அது கிரெச் ஃபீஸ்தான். இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் சொல்கிறேன், இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை.